பாஸ்போர்ட்டில் பெயர், தபால்பெட்டியில் பெயர்: பெர்லினுக்கு நர்ஸாகப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: வீடு கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். ஜிஎன்எம் என்னும் நர்சிங் டிப்ளமோ படித்தது கோயம்புத்தூரில், நாலு வருட வேலை பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். ஜெர்மன் மொழியில் பி1 என்னும் நடுநிலைத் தேர்வு பாஸ் ஆகிவிட்டது, பெர்லினில் ஓர் ஆஸ்பத்திரி ஆஃபர் கொடுத்திருக்கிறது. ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார். கணவர் டாடா ஏஸ் ஓட்டுகிறார், மகளுக்கு நாலு வயது. போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், போன பின் எதில் மாட்டிக்கொள்வோம்?

ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தியக் குடிபெயர்வு விதிப்படி, பதிவுபெற்ற ஏஜென்ட், வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. நாலு லட்சம் எந்தக் கணக்கிலும் வராது. கேட்டால் கோர்ஸ் பீஸ், டிரான்ஸ்லேஷன், ஃபைல் சார்ஜ் என்று பிரித்துச் சொல்வார்கள். நீங்கள்தான் பி1 முடித்துவிட்டீர்களே, கோர்ஸ் பீஸ் எதற்கு? இ-மைக்ரேட் என்னும் இந்திய அரசின் குடிபெயர்வுத் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியே நேரடியாக ஆஃபர் கொடுத்திருந்தால் ஏஜென்ட்டே தேவையில்லை.

இந்த ஆஃபர் கைநழுவினாலும் கேரள விலாசம் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர் நிறுவனமான நோர்கா ரூட்ஸ், ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு ஏஜென்சி, ஜெர்மன் அரசின் ஒத்துழைப்பு நிறுவனமான ஜிஐஇசட் மூன்றும் சேர்ந்து 2021 டிசம்பரில் தொடங்கிய ‘ட்ரிபிள் வின்’ திட்டத்தில் நர்ஸிடம் ஆள்சேர்ப்புப் பணம் வாங்குவதில்லை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நோர்கா வழியான இந்த வாசல் இல்லை. அறிவிப்பு வரும்போது தகுதியைப் படித்துப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

வேலை ஒப்பந்தத்தில் ஒரு இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் இத்தனை ஆயிரம் யூரோ திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து. தொகை எவ்வளவு, மாதா மாதம் குறைந்துகொண்டே வருமா, புரொபேஷன் காலத்தில் அவர்களே வெளியேற்றினாலும் கட்ட வேண்டுமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஜெர்மன் மொழிப் பிரதிதான் செல்லுபடியாகும். கூடவே தரும் ஆங்கிலப் பிரதி வாசிக்க மட்டும்.

இனி உண்மையான வேலை. எல்லைப் பகுதிக்காரர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது பெயரில்தான்.

உதாரணத்துக்கு சுகந்தி என்று வைத்துக்கொள்வோம், அப்பா முருகேசன். பாஸ்போர்ட்டில் கொடுக்கப்பட்ட பெயர் என்ற இடத்தில் சுகந்தி, குடும்பப் பெயர் என்ற இடம் காலி. தமிழ்நாட்டு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு எம். சுகந்தி. கேரளப் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதால் நடுவில் ‘கே’ எழுத்து. தமிழ்நாட்டுக் காகிதத்தில் அதே இடத்தில் ‘ஜி’. நமக்கு இது ஒரே முருகேசன். கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாக ஒப்பிடும் ஜெர்மன் அதிகாரிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட் இன்னும் தலைவலி. அங்கே எல்லாப் படிவத்திலும் இரண்டு கட்டம் கட்டாயம். ஓர் அலுவலகம் சுகந்தியையே குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் ஒரு கோடு போடும். இன்னொன்று சுகந்தி சுகந்தி என்று எழுதும். பிறகு வங்கி, இன்சூரன்ஸ், வரி ஆபீஸ் மூன்றிலும் மூன்று பெயரில் திரிவீர்கள்.

ஆகவே விசா விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ போட்டு, பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்துக்கொள்ளுங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவதுதான் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகும். கணவர் பெயரைப் போட்டால் படிப்புக் காகிதம் முழுவதும் அந்நியமாகிவிடும். மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்கு, கேரளத்தில் வில்லேஜ் ஆபீசர் தரும் ‘ஒன் அண்ட் தி சேம்’ சான்றிதழ் இருக்கிறது: இந்த எழுத்தில் உள்ளவரும் அந்த எழுத்தில் உள்ளவரும் ஒரே ஆள் என்று சொல்லும் காகிதம். கேரளத்தின் இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் விண்ணப்பிக்கலாம். உங்கள் பெயருக்கு ஒன்று, அப்பா பெயருக்கு ஒன்று எடுத்து வையுங்கள்.

திருமணச் சான்றிதழும் இதே வரிசையில் வரும். கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் அங்கே காகிதமே அல்ல. கல்யாணம் நடந்தது கேரளத்திலா, பொள்ளாச்சிப் பக்கமா என்று பார்த்து, நடந்த இடத்தில் பதிவு செய்யுங்கள். கணவர் பெயர் அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பின்னால் அவர் விசாவுக்கு நிற்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்போஸ்தில், அதாவது ஒரு நாட்டின் காகிதம் வெளிநாட்டில் செல்ல அடிக்கும் சான்று முத்திரை, பற்றி ஒரு எச்சரிக்கை. ‘எல்லாக் காகிதத்துக்கும் அப்போஸ்தில் அடிக்கணும்’ என்று ஒன்றுக்கு இவ்வளவு என விலை சொல்லும் கடைகள் நிறைய. இந்த முத்திரைக்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தபோது ஜெர்மனி அதற்கு எதிர்ப்பு தெரிவித்த நாடு. மற்ற நாடுகளுக்குப் போவது போல அந்த முத்திரை அங்கே தானாகச் செல்லும் என்று நினைக்க வேண்டாம். தகுதி அங்கீகார ஆபீஸும் தூதரகமும் அவரவர் பட்டியல் தருவார்கள். அதில் கேட்டதை மட்டும் செய்யுங்கள்.

தகுதி அங்கீகாரம் பெர்லினில் ‘லாகேஸோ’ என்று சுருக்கமாகச் சொல்லும் மாநில சுகாதார, சமூக விவகார அலுவலகத்தின் கையில். அவர்கள் பார்ப்பது உங்கள் மார்க்கை அல்ல, மணி நேரத்தை. மெடிக்கல் வார்டில் எத்தனை மணி, சர்ஜரியில் எத்தனை, குழந்தைகள் பிரிவில், மனநலத்தில், கம்யூனிட்டியில் எத்தனை, தியரி எவ்வளவு, பிராக்டிகல் எவ்வளவு என்று நர்சிங் ஸ்கூல் லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு வேண்டும். வெறும் மார்க் ஷீட்டை அனுப்பினால் மாதக்கணக்கில் கிடந்து திரும்பி வரும். கோயம்புத்தூர் ஸ்கூலில் இந்த டிரான்ஸ்கிரிப்டை இப்போதே கேளுங்கள். ஸ்கூல் மூடினாலும் பெயர் மாறினாலும் பிறகு வாங்குவது பெரும்பாடு. உங்கள் முதல் பதிவு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் இருக்கும், வேலை பார்த்ததோ பாலக்காட்டில். கேரளக் கவுன்சில் பதிவு எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். அனுபவச் சான்றிதழின் தேதியும் அதுவும் இடித்தால், முன்கூட்டியே ஒரு விளக்கக் கடிதம் சேர்த்துவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பு, அங்கே கோர்ட்டில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்தால் கேள்வி வராது. பக்கத்துக்குப் பக்கம் காசு என்பதால், மலையாளத்தில் உள்ளதை முதலில் பஞ்சாயத்திலேயே ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியப் படிப்புக்குப் பெரும்பாலும் ‘இன்னின்ன குறை’ என்ற கடிதம்தான் வரும். அது நிராகரிப்பு அல்ல, பயப்பட வேண்டாம்; அதை வைத்துத்தான் விசாவே. குறையை ஈடுகட்ட இரண்டு வழி: சில மாதங்கள் தழுவல் பயிற்சி, அல்லது அறிவுத் தேர்வு. தேர்வில் வாய்மொழிப் பகுதியும் வார்டில் நோயாளியோடு செய்யும் பகுதியும் உண்டு. தோற்ற பகுதியை ஒரு முறை மட்டும் திரும்ப எழுதலாம். மணிக்கணக்கு ஒப்பீடே வேண்டாம், நேரே தேர்வுக்குப் போகிறேன் என்று சொல்லவும் இப்போது சட்டத்தில் இடமிருக்கிறது. ஜெர்மன் வேகமாக வருகிறவர்களுக்குத் தேர்வு நல்லது. தயங்கிப் பேசுகிறவர்களுக்குப் பயிற்சி நல்லது. அதில் தோற்பது குறைவு. எந்த வழியானாலும் உரிமம் கையில் வர பி1க்கு அடுத்த நிலையான பி2 வேண்டும். அதுவரை ‘உதவியாளர்’ நிலைச் சம்பளம்தான். ஆஃபர் கடிதத்தில் இரண்டு சம்பளமும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட்டுகள் பெரியதை மட்டும் காட்டுவார்கள்.

விசாவில் எல்லைக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கோயம்புத்தூர் பக்கம்தானே என்று சென்னைக்கு விண்ணப்பிப்பார்கள். கேரளமும் கர்நாடகமும் பெங்களூரு ஜெர்மன் கான்சுலேட்டின் கீழ். சென்னை தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும். நீங்கள் படித்த ஊரையோ ஏஜென்ட் இருக்கும் ஊரையோ பார்ப்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் விலாசத்தைப் பார்ப்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து நீண்டகால விசா விண்ணப்பம் கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டலில் முதலில் ஏற்றி, அவர்கள் சரிபார்த்த பிறகே நேரில் போவது. கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான ரூபாய். வேலை தருபவர் பெர்லின் குடியேற்ற ஆபீஸ் வழியாக ‘துரித நடைமுறை’ போட்டால் 411 யூரோ கட்டணத்தில் எல்லாம் வேகமாக நடக்கும்: தூதரக அப்பாயின்ட்மென்ட்டுக்கு மூன்று வாரம், முடிவுக்கு மூன்று வாரம் என்பது அதன் கணக்கு. அந்தப் பணத்தை ஆஸ்பத்திரி கட்டுகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் கட்டுவார்கள்.

பெட்டி கட்டும்போது முதலில் வைக்க வேண்டியது தடுப்பூசிக் காகிதம். 1970க்குப் பிறகு பிறந்தவர்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய மீசல்ஸ் (தட்டம்மை) தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டதற்கோ, எதிர்ப்புச் சக்தி இருப்பதற்கோ சான்று காட்ட வேண்டும் என்பது 2020 முதல் அங்கே சட்டம். சின்ன வயதில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட ஊசிக்கு அட்டை இருக்காது. இங்கேயே ரத்தப் பரிசோதனை செய்து ஆங்கில ரிப்போர்ட் வாங்குங்கள், இல்லாவிட்டால் மீசல்ஸும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசி இரண்டு டோஸ், இடையில் நாலு வாரம். மகளுக்கும் அட்டை வேண்டும். இது இல்லாமல் அங்கே பாலர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டுச் சாமானில், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் சேர்ந்த பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் அதில் அடக்கம். கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் செடிச் சுகாதாரச் சான்று இல்லாமல் தடை. ஆனால் தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் இந்த ஐந்துக்கும் அந்தச் சான்று வேண்டாம். கருவாடு 20 கிலோ வரை பரவாயில்லை. வாசனை உங்கள் பொறுப்பு. மிக்ஸி அங்கேயும் ஓடும், மின்சாரம் அதே 230 வோல்ட். பிளக் முனை மட்டும் வேறு. பிரஷர் குக்கர் அடி தட்டையாக, இண்டக்‌ஷனுக்கு ஏற்றதாக இருக்கட்டும். நம்மூர் அலுமினியக் குக்கரை இண்டக்‌ஷன் அடுப்பு அடையாளமே காணாது. தெர்மல் இன்னர்களைத் திருப்பூரில் வாங்குங்கள், விலை பாதி. கோட்டும் ஷூவும் அங்கே போய் வாங்குங்கள்.

இறங்கும் விமான நிலையம் பெர்லின் சி மண்டலத்தில் இருக்கிறது; ஊர் ஏ, பி. ஏபி டிக்கெட்டோடு ரயிலில் ஏறினால் பரிசோதகர் 60 யூரோ அபராதம் போடுவார், ‘இன்றுதான் வந்தேன்’ எடுபடாது. ஏபிசி டிக்கெட் எடுங்கள். காகித டிக்கெட்டாக இருந்தால் பிளாட்பாரத்தில் உள்ள பெட்டியில் முத்திரை அடியுங்கள். பிறகு மாதச் சீட்டாக டாய்ச்லாண்ட்டிக்கெட் போதும். 2023 மேயில் 49 யூரோவில் தொடங்கியது, 2025இல் 58, 2026இல் 63. அது சந்தா: 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். ஆஸ்பத்திரி பங்கு கொடுத்தால் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

வீடு. பெர்லினில் வேலையைவிட வீடு கிடைப்பது கஷ்டம், இதில் மிகைப்படுத்தல் இல்லை. ஆஸ்பத்திரி விடுதி அறை தருகிறதா, எத்தனை மாதத்துக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கிடைத்தால் மூச்சு விடலாம். வாடகை விளம்பரத்தில் ‘கால்ட்’ என்பது வெறும் வாடகை, ‘வார்ம்’ என்பது ஹீட்டிங், தண்ணீர், குப்பை சேர்ந்தது. கரண்டும் இன்டர்நெட்டும் எதிலும் சேராது. அட்வான்ஸ் மூன்று மாத ‘கால்ட்’ வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட சட்டம் உரிமை தருகிறது. காலி வீடு என்றால் பல நேரம் நிஜமாகவே காலி: சமையலறையில் அடுப்பும் சிங்க்கும்கூட இருக்காது. பார்க்காத வீட்டுக்கு, ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்பவருக்குப் பணம் அனுப்பினால் அது போனதுதான். கையில் மூன்று சம்பளச் சீட்டு சேர்ந்ததும் டெகேவோ, கேவோபாக், ஹோவோகே போன்ற மாநகர வீட்டு நிறுவனங்களில் விண்ணப்பியுங்கள். ‘ஷூஃபா’ என்னும் கடன் நம்பகச் சான்றையும் கேட்பார்கள். இடம் தேர்ந்தெடுக்கும்போது காலை ஷிப்ட் ஆறு மணிக்கு என்பதை மறக்க வேண்டாம். வார நாட்களில் பின்னிரவில் யூ-பான் என்னும் மெட்ரோ ரயில் ஓடாது, இரவு பஸ்தான். இரண்டு தடவை மாறிப் போகும் மலிவு அறை, ஜனவரி இருட்டில் மலிவாகத் தெரியாது.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல, ‘ஆன்மெல்டுங் (விலாசப் பதிவு) செய்ய முடியுமா’ என்பதுதான். குடிபுகுந்த 14 நாளுக்குள் விலாசத்தைப் பதிவு செய்வது சட்டம். வாடகை ஒப்பந்தம் போதாது. இவர் இந்தத் தேதியில் குடிவந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். ‘ஆன்மெல்டுங் இல்லாமல் அறை’ என்ற விளம்பரம் உங்களுக்கு உதவாது. அது இல்லாமல் வரி எண் இல்லை, வங்கிக் கணக்கு இழுக்கும், விசா நீட்டிப்பும் நிற்கும். இதைப் பதியும் ‘ப்யூர்கர்ஆம்ட்’ என்னும் குடிமக்கள் சேவை அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் சுலபத்தில் கிடைக்காது. உங்கள் பகுதி அலுவலகம்தான் என்று இல்லை, பெர்லினில் எந்த ப்யூர்கர்ஆம்டிலும் செய்யலாம். காலையில் திறக்கும்போதும் யாராவது ரத்து செய்யும்போதும் இடம் விழும். தளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், 115 என்ற போன் எண்ணிலும் கேளுங்கள். 14 நாள் தாண்டினால் முயன்றதற்கான ஸ்கிரீன்ஷாட் வைத்திருங்கள்.

படிவத்தில் மதம் என்ற கட்டம் வரும். அது ஜாதிச் சான்றிதழ் போல சும்மா கேட்பதல்ல. கத்தோலிக்கர் என்றோ ஜெர்மன் புரோட்டஸ்டன்ட் சபை என்றோ பதிவானால் சம்பளத்தில் சர்ச் வரி பிடிப்பார்கள். பெர்லினில் வருமான வரியில் 9 சதவீதம். மாத வரி 300 யூரோ என்றால் 27 யூரோ. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைக்கிற கேரளத்து நர்ஸ்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. கூட வரும் தோழிகளுக்கும் சொல்லிவையுங்கள். இந்துக்களுக்கு இதனால் ஒன்றும் இல்லை.

பெயர் விவகாரம் இங்கே மறுபடி வருகிறது. பெர்லின் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. உறையில் தெரு, கட்டிட எண், பின்கோடு, அவ்வளவுதான். தபால்காரர் வாசலில் வரிசையாக உள்ள பெட்டிகளில் பெயரைத் தேடுவார். உங்கள் பெயர் இல்லாவிட்டால் விசாரிக்க மாட்டார், கடிதம் திரும்பிப் போகும். அந்தப் பெட்டிக்குத்தான் 11 இலக்க வரி எண் வரும். ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டும், வங்கி பின் எண்ணும், குடியேற்ற ஆபீஸ் கடிதமும் அதற்கே. வரி எண் சம்பளப் பிரிவுக்குப் போகாமலே இருந்தால் கடைசியில் உங்களை வரி அதிகம் போகும் ஆறாவது வரி வகுப்பில் போட்டுப் பிடிப்பார்கள். பிறகு திரும்பக் கிடைக்கும் என்றாலும் முதல் மாதங்களில் கை காய்ந்துவிடும். ஆகவே சாவி வாங்கிய அன்றே ஒரு வெள்ளைத் தாளில் பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரை, அதே எழுத்தில், பெரிதாக எழுதிப் பெட்டியிலும் காலிங் பெல்லிலும் செலோடேப்பால் ஒட்டுங்கள். மற்றவர் வீட்டில் அறை எடுத்திருந்தால் விலாசத்தில் ‘மேற்பார்வை’ (கேர் ஆஃப்) என்று அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதே பெட்டிக்கு ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ வீதம் கேட்டு ஒரு கடிதமும் வரும். மோசடி போலத் தோன்றும், ஆனால் நிஜம். வீட்டுக்கு ஒன்றுதான், கூட இருப்பவர் கட்டினால் அவர் எண்ணைக் கொடுத்துத் தப்பலாம்.

சம்பளக் கணக்கு: மாத மொத்தச் சம்பளம் 2,900 யூரோ என்றால், கணவர் இந்தியாவில் இருக்கும்வரை முதல் வரி வகுப்பில் கையில் வருவது ஏறக்குறைய 2,000 யூரோ. ஓய்வூதியத்துக்கு 18.6 சதவீதம், ஹெல்த் இன்சூரன்ஸுக்கு 14.6 சதவீதமும் ஒரு கூடுதல் பங்கும். இவற்றில் பாதி உங்களுடையது, பாதி ஆஸ்பத்திரியுடையது. அரசுசார் இன்சூரன்ஸிலேயே இருங்கள். கணவருக்கு வேலை கிடைக்கும்வரை அவரும் மகளும் அதில் கூடுதல் காசில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். பிரைவேட் இன்சூரன்ஸ் மலிவு என்று யாராவது வந்தால், ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பிரீமியம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கையில் 2,500 யூரோவாவது கொண்டுபோங்கள். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும், அதற்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டியிருக்கும்.

வார்டில் என்ன நடக்கும்? பாலக்காட்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பைஸ்டாண்டர் இருப்பார்: துடைப்பது, ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் பாடு. நர்ஸ் ஊசி, மருந்து, சார்ட். பெர்லினில் பைஸ்டாண்டர் கிடையாது. குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, பல்செட் கழுவுவது, எழுப்பி உட்காரவைப்பது நர்ஸின் முதன்மை வேலை. கேனுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடுவதைப் பல இடங்களில் டாக்டர்தான் செய்வார். ‘இதற்கா நாலு வருட அனுபவம்’ என்ற எரிச்சல் முதல் மாதங்களில் எல்லோருக்கும் வரும். அவர்கள் கண்ணில் அதுதான் நர்சிங், அதைச் செய்யும் விதத்தை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள். எண்பது கிலோ ஆளை எப்படித் திருப்புவது என்பதை முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள், முதுகு தப்பும்.

மொழியில் பி2 புத்தகம் தராத இரண்டு கண்ணிவெடி உண்டு. ஒன்று, எண். இருபத்துநாலை அவர்கள் ‘ஃபியர் உன்ட் ஸ்வான்ட்ஸிஷ்’ என்பார்கள், நாலும் இருபதும். போனில் லேப் ரிசல்ட் கேட்கும்போது காது முதலில் பிடிப்பது நாலை, கை அதை முதலில் எழுதிவிடும், 24 என்பது 42 ஆகும். ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். இன்னொன்று, மணி. ‘ஹால்ப் அஃக்ட்’ என்றால் எட்டரை அல்ல, ஏழரை. எட்டை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று கணக்கு. பெர்லின்காரர்கள் இதையும் தாண்டி ‘ஃபியர்டெல் அஃக்ட்’ என்பார்கள்: அது ஏழே கால். ‘ட்ரைஃபியர்டெல் அஃக்ட்’ ஏழே முக்கால். ஜெர்மனியின் வேறு பகுதியிலிருந்து வந்த வாத்தியார் இதைச் சொல்லித்தந்திருக்க மாட்டார். ஷிப்ட் நேரத்தைக் காதால் கேட்டு நம்பாதீர்கள், போர்டில் எழுதியதைப் பாருங்கள்.

குளிர்காலம் குளிரைவிட இருட்டால்தான் ஆளை வாட்டும். டிசம்பரில் எட்டு மணிக்குப் பிறகு விடியும், நாலு மணிக்கு முன்பே சூரியன் விழும். வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் இன்னொரு ஆபத்து பூஞ்சை. ஜன்னலை மூடி வைத்து அரிசி வேகவைத்து, துணியையும் உள்ளே காயப்போட்டால் ஜன்னல் ஓரச் சுவர் ஒரே மாதத்தில் கறுக்கும், அட்வான்ஸில் கழிப்பார்கள். தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். பாதி திறந்து நாள் முழுக்க வைப்பது பிரயோஜனமில்லை; சுவர்தான் குளிரும். தாளிக்கும்போது புகை அலாரம் கத்தும். சமையலறைக் கதவைச் சாத்துங்கள், அலாரத்தைக் கழற்ற வேண்டாம். ஞாயிறு கடை கிடையாது, சனியே பாலும் காய்கறியும் வாங்கிவிடுங்கள். பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. நொய்கோல்ன் பக்கம் அவர்கள் கடைகளில் கறிவேப்பிலை கிடைக்கும், மலிவு அல்ல.

ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கைப் போன பிறகு என்ஆர்ஓ என்னும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும், அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ என்னும் தனிக் கணக்கு. சம்பாதித்துப் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தென்னந்தோப்பு வாங்கலாம் என்ற கனவு இருந்தால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். பரம்பரை நிலம் வந்து சேர்ந்தால் தடையில்லை.

கடைசியாகக் கணவரும் மகளும். நீங்கள் அங்கீகார விசாவில் போவதால் கணவருக்கு ஏ1 என்னும் ஆரம்ப நிலை ஜெர்மன் கேட்பார்கள். அதோடு மூவருக்கும் போதுமான வீடும் சம்பளமும் காட்ட வேண்டும். விடுதி அறையில் அது நடக்காது. மகளுக்கு பெர்லினில் பாலர் பள்ளிக் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். ஆனால் இடம் கிடைக்க முன்கூட்டி ‘கிட்டா கூட்ஷைன்’ என்னும் வவுச்சர் வாங்க வேண்டும். கணவர் வந்து பதிவு செய்ததும் உங்கள் இருவருக்கும் நாலாவது வரி வகுப்பு வரும். அவருக்கு வருமானம் இல்லாதவரை உங்களுக்கு மூன்று, அவருக்கு ஐந்து என்று மாற்றக் கேட்டால் உங்கள் கையில் கூடுதலாக நிற்கும். அவருடைய இந்திய லைசென்ஸ் அங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும், அதற்கும் மொழிபெயர்ப்போ சர்வதேச பெர்மிட்டோ வேண்டும். பிறகு தியரியும் ஓட்டும் தேர்வும் புதிதாக. தியரியை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழிலோ மலையாளத்திலோ முடியாது. டெலிவரி வண்டி ஓட்டும் வேலைக்கு ஆள் தேவை எப்போதும் இருக்கிறது, லைசென்ஸ் இருந்தால். ஆகவே நீங்கள் விமானம் ஏறும் வரை காத்திராமல், வாரத்தில் மூன்று நாள் லோடு இறக்கிவிட்டுக் கோயம்புத்தூரிலேயே ஏ1 வகுப்பில் இப்போதே உட்காரட்டும்.